சிங்கப்பூரிலிருந்து வந்து வேலூர்ப் பக்கக் கிராமத்தில் கம்யூனிகேஷன் தன்னார்வலராக இருந்தால் பயன் உண்டா?

கேள்வி இதுதான். கேட்டவர் சிங்கப்பூரில் ஒரு பெரிய கம்பெனியின் கம்யூனிகேஷன் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறார். அம்மா ஊர் குடியாத்தம். மூன்று மாத விடுப்பு கிடைக்கிறது. வேலூர்ப் பக்கம் கிராமத்தில் வேலை செய்யும் சுற்றுச்சூழல் தொண்டு நிறுவனம் ஒன்றில் சம்பளம் இல்லாமல் இருக்க ஆசைப்படுகிறார். எழுத்து, வீடியோ, சமூக ஊடகம் எல்லாம் கைவசம் இருக்கிறது. "என்னால் என்ன பிரயோஜனம், நேராகச் சொல்லுங்கள்" என்கிறார்.

நேராகவே சொல்கிறேன். பிரயோஜனம் உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை. குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் ஏரி, கிணறு, வாய்க்கால் என்று அலைகிற சின்ன அமைப்பு ஒன்றில் பதினாலு வருடமாக இருக்கிறேன். அமைப்பின் பெயர் இங்கே வேண்டாம். இதுவரை ஒன்பது தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் ஆறு பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். எல்லோருக்கும் நல்ல மனசு. அத்தனை பேரும் முதல் வாரமே கேட்டது, "உங்கள் இன்ஸ்டாகிராம் கணக்கின் பாஸ்வேர்டு என்ன?" எங்கள் ஊர் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிற முந்நூறு குடும்பத்தில் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறவர்கள் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். ஏரி யாருடையதோ அவர்களுக்குச் செய்தி போகவில்லை, பார்சலோனாவில் இருப்பவருக்குப் போகிறது என்றால் அந்த வேலையை எங்கள் கணக்கில் எழுத முடியாது.

ஒரு சம்பவம் சொன்னால் புரியும். ஒரு கிராமத்தில் ஏழு திறந்த கிணறுகளின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை அளந்துகொண்டிருந்தோம். அப்போது வந்த ஒரு தன்னார்வலர், கெட்டிக்காரப் பிள்ளை, ஆறு மாதக் கணக்கை வைத்து அழகான வரைபடம் போட்டு ஃபிளெக்ஸ் அடித்து ரேஷன் கடை எதிரில் கட்டினார். தலைப்பு "நிலத்தடி நீர்மட்ட மாற்றம்". நீலக் கம்பங்கள், மாதங்களின் பெயர், கீழே எங்கள் லோகோ. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு அம்மா அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, "இது இன்னா படம், யார் கிணறு?" என்று கேட்டார். பதில் சொல்ல ஆள் இல்லை. மூன்றாம் நாள் அந்த ஃபிளெக்ஸ் ஒரு மாட்டுக் கொட்டகை மேல் கூரையாகக் கிடந்தது. மழைக்கு நன்றாகவே தாங்கியது, அதில் குறை சொல்ல முடியாது.

அந்த வரைபடத்தில் இன்னொரு சிக்கலும் இருந்தது. நாங்கள் அளந்தது கிணற்று வாயிலிருந்து தண்ணீர் வரை எத்தனை அடி என்று. அதாவது கம்பம் உயர்ந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று பொருள். படித்தவர்களே ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். ஊர்க்காரர்கள் கிணற்றை அப்படிப் பார்ப்பதில்லை. கிணற்றுக்குள் இறங்குகிற படிகளை எண்ணுகிறார்கள். "நாலு படி முழுகிடுச்சு", "போன வருசம் இந்நேரம் ஏழு படி தெரிஞ்சுது" இப்படித்தான் பேச்சு. சரி என்று நாங்களும் அந்தக் கணக்குக்கே வந்தோம். மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கறுப்புப் பெயிண்ட் அடித்து, வெள்ளைச் சாக்பீஸில் ஏழு வரி: பள்ளிக்கூடத்துக் கிணறு, வேப்பமரத்துக் கிணறு, மேட்டுத்தெருக் கிணறு என்று. எதிரில் எத்தனை படி தெரிகிறது, போன வாரம் எத்தனை. எழுதுகிறவள் ஒன்பதாம் வகுப்புப் பெண்.

இரண்டாவது வாரமே சண்டை வந்தது. "என் கிணத்துல ஆறு படிதான் தெரியுது, எட்டுன்னு எழுதியிருக்கீங்க" என்று ஒருவர் வந்து நின்றார். போய் எண்ணினோம். அவர் சொன்னதுதான் சரி. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம், எந்தப் பேட்டி பத்திரிகையில் வந்தபோதும் வந்ததில்லை. அதன்பின் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவர் வந்து பார்த்தார். பக்கத்தில் புதிதாக போர்வெல் போட்டால் எந்தக் கிணறு முதலில் இறங்குகிறது என்பதை அந்தப் பலகையை வைத்து அவர்களே கண்டுபிடித்தார்கள், நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதைத்தான் கம்யூனிகேஷன் என்கிறேன். இதற்கு ஃபோட்டோஷாப் தேவையில்லை, ஆனால் உங்களைப் போல யாருக்கு, எந்தச் சொல்லில், எந்த இடத்தில் என்று யோசித்துப் பழகிய ஆள் கண்டிப்பாகத் தேவை. நாங்கள் அதற்குத் தட்டுத்தடுமாறி ஒரு வருடம் எடுத்துக்கொண்டோம். நீங்கள் இருந்திருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருப்பீர்கள்.

அடுத்தது படம் எடுப்பது. இதில் நான் செய்த தப்பையே சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாலாற்றங்கரையில் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, அதன் கழிவு இறங்கிய கிணறு. ஒரு அம்மா அந்தத் தண்ணீரில் நின்று வேலை செய்து பாதமெல்லாம் வெடித்திருந்தார். கேட்டுவிட்டுத்தான் படம் எடுத்தேன், அவரும் சரி என்றார். ஊர்ப் பெயரைப் போட்டு, "விஷமான ஊர்" என்று தலைப்பும் வைத்தேன். படம் நன்றாகப் பரவியது. நாலு மாதம் கழித்து அந்த அம்மா அலுவலகத்துக்கே வந்தார். மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ படத்தைக் காட்டி, அந்த ஊர்த் தண்ணி குடிச்ச பொண்ணு வேண்டாம் என்றார்களாம். "என் காலைக் காட்டி நீ இன்னா சம்பாரிச்ச?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் "சரி" சொன்னது படம் எடுக்கத்தான். அந்தப் படம் எங்கெல்லாம் போகும், யார் கண்ணில் படும் என்பதை நான் அவருக்குச் சொல்லவே இல்லையே, அப்புறம் அது என்ன சம்மதம்?

இன்றைக்கு எங்கள் வழக்கம், முகம் தெரிகிற படத்தை முதலில் அச்சடித்து அவர்கள் வீட்டில் கொடுப்பது. ஒரு வாரம் வீட்டில் இருக்கட்டும். கணவர் பார்ப்பார், மருமகள் பார்ப்பாள், பக்கத்து வீட்டுக்காரி ஏதாவது சொல்வாள். அதற்கப்புறமும் சரி என்றால்தான் வெளியே போகும். ஊர்ப் பெயரை நல்ல செய்தியில் போடுவோம். கெட்ட செய்தியில் அது மனுவிலும் வழக்கிலும் மட்டும் இருக்கும். பால், தக்காளி, கத்திரிக்காய் என்று அந்த ஊரிலிருந்து எதுவும் சந்தைக்குப் போக வேண்டுமே. இலவம்பாடி முள் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, கத்திரிக்காய் போடுகிறவர்கள் இங்கே ஊர்ப் பெயரில் இன்னும் கவனமாக இருக்கிறார்கள்.

ஒரு ஊருக்கு ஒட்டிய பேச்சு லேசில் போகாது என்பது வேலூர்க்காரர்களுக்குத் தெரியாததா? தண்ணீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை என்று நம்மைக் கிண்டல் செய்வார்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே திரும்ப வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரண்டு கரையும் தொட்டு ஓடியது, மோர்தானா அணை நிரம்பி வழிந்தது. இருந்தும் கிண்டல் அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், உங்களைப் போன்ற ஒருவர் வந்தால் நான் முதலில் உட்கார வைக்கப்போவது இரண்டு பீரோ முன்னால். ஒன்றில் ஃபோட்டோக்கள், இன்னொன்றில் மனுக்கள், தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள், நோட்டீஸ்கள். பாதிப் படத்துக்குப் பின்னால் எதுவும் எழுதவில்லை. எந்த ஏரி, எந்த வருடம், நிற்பது யார், ஒன்றும் தெரியாது. தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். போதாக்குறைக்கு மாவட்டத்தின் பெயரே மாறிக்கொண்டு இருந்தது. 1989 வரை வட ஆற்காடு, அதில் திருவண்ணாமலை பிரிந்த பிறகு வட ஆற்காடு அம்பேத்கர், பிறகு வேலூர். 2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டம் ஆயின. ஆம்பூர், வாணியம்பாடி சம்பந்தப்பட்ட பழைய காகிதமெல்லாம் வேலூர் என்று கிடக்கும், இன்று மனு கொடுக்க வேண்டியது திருப்பத்தூர் ஆட்சியரிடம். அந்தப் படங்களை எடுத்துக்கொண்டு திண்ணை திண்ணையாகப் போய், பெயர் கேட்டு, ஃபோனில் குரலைப் பதிவு செய்து, வரிசைப்படுத்தி வைத்தால் போதும். ஆறு வாரம் பிடிக்கும். வெளியே யாருக்கும் தெரியாத வேலை.

ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இந்தப் பக்கத்தில் ஜெயித்ததெல்லாம் எழுதி வைத்த கணக்குதான். டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், ஆபத்து முழுதாக நிரூபணம் ஆகும்வரை காத்திராமல் தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளையும் நாட்டின் சட்டத்தில் சேர்ந்தவை என்று சொன்ன தீர்ப்பு அது. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடம். அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள், கண்ணீர்க் கதை எதுவும் இருக்காது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமத்தில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டுப்போயிருந்தன என்று இருக்கும். தமிழ்நாட்டின் டேனரிப் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று இருக்கும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர் என்று இருக்கும். யாரோ வெயிலில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கிணறாக எட்டிப் பார்த்து எண்ணியிருக்கிறார்கள். 28 வருடம் கழித்து, 2025 ஜனவரியில் பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடியும் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுங்கள், மாசுபடுத்தியவர்களிடம் அதை வசூலியுங்கள் என்று. இழப்பீடு என்று வந்தால் எந்த நிலம், எப்போதிலிருந்து, என்ன விளைந்தது என்ற கேள்வி வரத்தானே செய்யும்? பதில் இப்படிப்பட்ட பீரோக்களில்தான் இருக்கிறது.

மொழி விஷயம். உங்கள் தமிழ் நன்றாக இருக்கிறது, கேள்வியிலேயே தெரிந்தது. ஆனால் அது செய்தி வாசிக்கிற தமிழ். "நீர்நிலைகளைப் பாதுகாப்போம்" என்று எழுதினால் எங்கள் ஊரில் அது அரசாங்கச் சுவர் விளம்பரம், கண் தானாக நகர்ந்துவிடும். "ஏரி கோடி போகணும்னா மதகுக்கிட்ட கொட்டுற குப்பையை நிறுத்தணும்" என்றால் நின்று படிப்பார்கள். ஏரி நிரம்பி வழிவதைத்தான் இங்கே கோடி போவது என்பார்கள். இன்னொன்று, தமிழ் மட்டும் போதாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டில் வீட்டுக்குள் உருது பேசுகிற குடும்பங்கள் ஏராளம். ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. ஒரு தடவை பேரணாம்பட்டில் தமிழில் மட்டும் நோட்டீஸ் அடித்து, கூட்டத்துக்குப் பெண்கள் பாதிப் பேர் வரவில்லை. அடுத்த தடவை நோட்டீஸே அடிக்கவில்லை. அந்தத் தெருப் பெண் ஒருத்தியை உருதுவில் முப்பது விநாடி பேசச் சொல்லி வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், இடம் போதவில்லை.

கிராம சபைத் தேதிகளை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு: ஜனவரி 26, மார்ச் 22 தண்ணீர் தினம், மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் கம்பெனியில் கன்டென்ட் காலண்டர் என்று ஒன்று போடுவீர்களே, எங்களுக்கு இந்த ஆறு நாள்தான் காலண்டர். ஏரி வாய்க்கால் ஆக்கிரமிப்பு பற்றி ஒரு தீர்மானம் வர வேண்டும் என்றால், ஒரு மாதம் முன்பே தெருத்தெருவாகப் பேசி, நாலு வரியில் தீர்மானத்தை எழுதி, அதை வாசித்துச் சொல்ல ஊர்க்காரர் ஒருவரைத் தயார் செய்து வைக்க வேண்டும். நீங்கள் எழுந்து பேசக் கூடாது. அது போக, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். ஒரு பக்க மனுவில் சர்வே எண், என்ன பிரச்சினை, என்ன வேண்டும் மூன்றும் முதல் ஐந்து வரிக்குள் இருக்க வேண்டும். பத்திரிகை அறிக்கை எழுதிப் பழகிய கைக்கு இது சுலபம். எங்கள் ஆட்கள் "பேரன்பும் பெருமதிப்பும் மிக்க" என்று தொடங்கி இரண்டாம் பக்கத்தில்தான் விஷயத்துக்கே வருவார்கள்.

நாகநதியைப் பற்றி வீடியோ எடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வற்றிக் கிடந்த ஆற்றில் பெண்கள் நீர் செறிவூட்டும் கிணறுகள் கட்டியது பெரிய வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் பிரதமர் 2021 செப்டம்பரிலேயே மனதின் குரலில் சொல்லி, நாடு முழுக்கத் தெரிந்த கதை அது. உங்கள் மூன்று மாதத்தை யாருமே எழுதாத ஒரு ஏரிக்குக் கொடுங்கள்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதில் கோட்டை விட்டால் உங்களைவிட அந்த அமைப்புக்குத்தான் தலைவலி. இந்திய பாஸ்போர்ட் இருந்தால் விசா பற்றிப் படிக்க வேண்டாம். சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் இ-டூரிஸ்ட் விசா எடுத்து வந்தால், பணமோ வேறு கைம்மாறோ இல்லாத தன்னார்வ வேலை அதிகபட்சம் ஒரு மாதம்தான். மூன்று மாதம் என்றால், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் ஊதியமில்லாமல் வேலை செய்ய வருகிறவர்களுக்கு எம்ப்ளாய்மென்ட் விசாவிலேயே வழி இருக்கிறது, நிறுவனத்தின் பெயரும் இடமும் அதில் குறிக்கப்படும். கடிதம் வாங்கி அனுப்புவதற்கே நேரம் ஆகும், முன்கூட்டியே தொடங்குங்கள். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது) இருந்தால் விசா வேண்டாம், ஆனால் பத்திரிகை சார்ந்த வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தனி அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச்சில் அரசு அறிவித்திருக்கிறது. அதனால் "டாக்குமென்டரி எடுக்க வந்திருக்கிறேன்" என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

கிளம்பும்போது கேமராவை அமைப்புக்கே கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். நீங்கள் வெளிநாட்டுக் குடிமகனோ குடிமகளோ என்றால், ஓ.சி.ஐ. ஆக இருந்தாலும், அமைப்புக்குக் கொடுக்கிற பொருளும் பணமும் வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி அனுமதி இல்லாத அமைப்பு அதைத் தொடவே கூடாது. அனுமதி உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுப் பணத்தை டெல்லியில் ஒரே ஒரு ஸ்டேட் பேங்க் கிளையில்தான் முதலில் வாங்க முடியும், நிர்வாகச் செலவுக்கு 20 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. ட்ரோனை சிங்கப்பூரிலேயே வைத்துவிடுங்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு ட்ரோனைக் கொண்டுவரத் தடை இருக்கிறது, அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் வேறு. ஜவ்வாது மலைக் காப்புக்காடு என்றால் வனத்துறையிடம் கேட்காமல் உள்ளே போகாதீர்கள்.

எந்த அமைப்பு என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் பேசும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். "போன வருடம் எந்த ஊர் உங்களை எதிர்த்தது, ஏன்?" என்று ஒன்று. எல்லா ஊரும் எங்களைக் கொண்டாடுகிறது என்பவர்கள் ஊருக்குள் போவதில்லை. "நான் போன பிறகு இந்த வேலையை யார் தொடர்வார்கள்?" என்பது இன்னொன்று. பெயர் சொல்லி ஒரு ஆளைக் காட்ட முடியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். தங்குமிடம் சாப்பாட்டுக்கு வாங்குவது நியாயம். அதற்கு மேல் தன்னார்வலரிடமே பெரிய கட்டணம் கேட்கிற இடங்களும் இருக்கின்றன, எனக்கு அவர்கள்மேல் நம்பிக்கை இல்லை.

வரும் மாதம் செப்டம்பராக இருக்கட்டும். ஏப்ரல், மே வேலூர் வெயில் உங்களுக்குத் தெரிந்ததுதான், அம்மாவைக் கேளுங்கள். செப்டம்பரில் வந்தால் ஏரிக்குத் தண்ணீர் வருவதைப் பார்க்கலாம், அக்டோபர் 2, நவம்பர் 1 இரண்டு கிராம சபையும் கிடைக்கும். முதல் மாதம் ஒரு பதிவுகூடப் போடாமல் இருக்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் குடியாத்தம் ரயில் நிலையத்தில் இறங்கியதும் தகவல் சொல்லுங்கள், பைக் அனுப்புகிறேன். லேப்டாப் எதற்கும் இருக்கட்டும். கறுப்புப் பெயிண்டும் சாக்பீஸும் பஜாரில் வாங்கிக்கொள்ளலாம். எழுத இன்னும் நாலு ஊர்த் தொட்டித் தூண் பாக்கி இருக்கிறது.